ஆச்சியின் பாம்படத்தை உருக்கலாமா?

கரிசல்மகள்:

வணக்கம். எங்கள் ஆச்சி, அம்மாவைப் பெற்றவர், தை மாதம் தவறிவிட்டார். ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவர் காதில் கிடந்த பாம்படம், அதாவது வடித்த காதில் தொங்கும் பெரிய பொன் காதணி, இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு தங்கைகள். மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருப்பது ஒரு ஜோடி, பங்கு மூன்று. உருக்கிக் கட்டியாக்கிச் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் சின்னச் சித்தி.

கடைக்கு எடுத்துப் போனோம். தராசில் 58 கிராம் காட்டியது. ஏழு பவுனுக்கு மேல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "உள்ளே பூராவும் அரக்கு. பொன் ரெண்டு பவுன் தேறினால் பெரிசு. அதுவும் டச் (பொன்னின் தரம்) குறைவாகத்தான் இருக்கும். இதை இனி யார் போடப் போகிறார்கள்?" என்று தட்டில் தூக்கிப் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு தாங்கவில்லை. ஆச்சியை அந்தக் காலத்து ஆசாரி யாரோ ஏமாற்றிவிட்டாரோ என்று இப்போது வருத்தப்படுகிறார்.

இங்கே நகை வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அரக்கு வைத்தது ஏமாற்றா? உருக்கினால் எங்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? உருக்காமல் வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் சொல்லுங்கள்.

உரைகல்:

தங்கச்சி, முதலில் உருக்குவதை நிறுத்தி வையுங்கள். மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவும் தாத்தாவும் இதே வேலைதான். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆச்சியை யாரும் ஏமாற்றவில்லை. பாம்படம் என்றாலே அப்படித்தான் செய்வார்கள்.

பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, கட்டம், உருண்டை, கூம்பு என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக உருவாக்கிப் பற்றவைப்பார்கள். அது வெறும் கூடு. அப்படியே விட்டால் விரல் அழுத்தினாலே ஒடுங்கிவிடும். அதனால் அரக்கைக் காய்ச்சி, செங்கல் பொடி மாதிரி ஏதாவது கலந்து, சிறு துளை வழியாக உள்ளே இறக்குவார்கள். ஆறியதும் கல் மாதிரி இறுகி, தகட்டை உள்ளிருந்து தாங்கும்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. கம்பி வேலை, ரவை வேலை (பொடிப் பொன்மணிகளை ஒட்டுவது), மூலைப் பற்றுகள் எல்லாம் அரக்கு இறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அரக்கு 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். அது உள்ளே போன பிறகு தீ காட்டவே முடியாது. ஒரு பற்று விட்டுப் போனால், அரக்கை முழுக்க வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அப்படி வேலை பார்த்த கைகளை என் தாத்தா காலத்தோடு சரி, அப்புறம் அதிகம் பார்க்கவில்லை.

கெட்டிப் பொன்னில் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், காது தாங்காது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டியை 22 காரட்டில் செய்தாலே 17 கிராமுக்கு மேல் போகும். அது இரண்டு பவுனுக்கும் கூடுதல். பாம்படத்தில் அதைவிடப் பெரிய கட்டிகள் ஒரு காதுக்கே நாலைந்து வரும். அதே அளவு அரக்கு ஒரு கிராம்தான், பொடி சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். பெரிதாகத் தெரிய வேண்டும், காதும் தாங்க வேண்டும், குடும்பத்தின் கைக்கும் எட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்து நம் ஆட்கள் கண்ட வழி அது.

கடைக்காரர் இரண்டு பவுன் என்று சொன்னது அனுபவத்தில் சொன்ன மதிப்பு. இருக்கலாம். அதற்காக அந்த நகையைத் தூக்கிப் போட அவருக்கு உரிமை இல்லை.

வல்லநாட்டான்:

உரைகல் அண்ணன் சொன்ன வேலைப்பாடு எல்லாம் சரி. ஆனால் நான் சின்னச் சித்தி பக்கம். என் அப்பத்தாவின் தண்டட்டி, அதுவும் பாம்படம் மாதிரிக் காதணிதான், எத்தனை முறை அடகுக்குப் போய் மீண்டதென்று வீட்டில் யாருக்கும் கணக்கே கிடையாது. விதை வாங்க, மாடு வாங்க, கிணற்றில் மோட்டார் போட, எல்லாவற்றுக்கும் அதுதான் போனது. கடைசியில் நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் போனது திரும்பவில்லை. வருத்தமா என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "அதுக்குத்தானடா காதுல சுமந்தேன்" என்றார்.

அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு வங்கிக் கணக்கு கிடையாது, நிலம் அவர்கள் பெயரில் கிடையாது. காதில் கிடந்ததுதான் கையிருப்பு. தேவை வந்தால் கழற்றிக் கொடுக்கவே அதைப் போட்டிருந்தார்கள். அதைப் பெட்டியில் பூட்டிக் கும்பிடுவதைவிட, மூன்று பெண்களும் ஆளுக்கொரு மோதிரமாகப் போட்டுக்கொண்டால் ஆச்சிக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

வடிகாது:

இரண்டு பேர் சொல்வதையும் படித்தேன். நகையைப் பற்றிப் பேசுகிறோம், அதைச் சுமந்த காதைப் பற்றியும் பேச வேண்டும்.

என் ஆச்சி சொல்லிக் கேட்டது. கைக்குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, துளையில் பஞ்சுத் திரி வைப்பார்கள். திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருமனாக்கி, துளை விரிந்ததும் காதை இழுத்து இறக்க, ஈயத்தில் செய்த குணுக்கு என்ற கனமான அணியை மாட்டிவிடுவார்கள். காது இறங்க இறங்க இன்னொரு குணுக்கு. சீழ் பிடிக்கும், அறுந்துபோவதும் உண்டு. தோளைத் தொடும் அளவுக்கு வடிந்தால்தான் அழகு, அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் மதிப்பார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் தென்மாவட்டத்து மக்களின் வடித்த காதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அப்புறம் காலம் மாறியது. அம்மா தலைமுறை பள்ளிக்கூடம் போனது. வடித்த காதைப் பட்டிக்காட்டு அடையாளமாகப் பார்த்தார்கள். என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொங்கிய சதையை அறுத்துத் தைத்துக்கொண்டு, அதே இடத்தில் கம்மல் போட்டார். எங்கள் ஊரில் அப்படித் தைத்துக்கொண்டவர்கள் நிறைய. ஆச்சி கடைசி வரை பாம்படத்தைக் கழற்றவில்லை. தனியாக இருக்கும் கிழவிகளின் காதை அறுத்துப் பாம்படத்தைப் பறித்துப் போன செய்திகள் வந்துகொண்டிருந்தபோதும், ராத்திரி முந்தானையால் காதை மூடிக்கொண்டு படுத்தாரே தவிர கழற்றவில்லை.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தாத்தா இறந்ததும் தாலியைக் கழற்றினார்கள், வளையல் போனது, பூவும் பொட்டும் போனது. பாம்படத்தை யாரும் தொடவில்லை. தாலி புருஷன் வீட்டிலிருந்து வந்தது. காதில் கிடந்தது பிறந்த வீட்டுச் சொத்து, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்தின காது. அவர் உடம்பில் அவருக்கென்று இருந்த பொருள் அது ஒன்றுதான். நான் உருக்க வேண்டாம் என்று சொல்வது இதற்காக.

முகவை நிலா:

வடிகாது அக்கா, பிறந்த வீட்டுச் சொத்து என்று எழுதினீர்கள். அந்தச் சொத்தைக் காதில் போடும் உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை என்பதும் இந்த இழையில் பதிவாக வேண்டும்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

என் பாட்டியின் அம்மா பாசிமணி மட்டும்தான் போட்டிருந்தார். கொள்ளுத்தாத்தா கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டு வந்த பணத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பொன் வாங்கினார்கள். சின்ன முருகு, மேல்காதில் போடுவது. அதையும் ஊருக்குள் போட முடியவில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது மடியில் முடிந்து எடுத்துப் போய், எல்லை தாண்டியதும் போட்டுக்கொள்வாராம். இன்று அந்த முருகு என் காதில் இருக்கிறது. கால் பவுன்கூட வராது. எவ்வளவு கொடுத்தாலும் எங்கள் வீட்டில் யாரும் உருக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

வல்லநாட்டான் அண்ணன் சொன்ன கையிருப்புக் கணக்கும் உண்மை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நகை "நான் போடுவேன்" என்று ஊர் முன்னால் சொன்னதற்கான சாட்சி.

வல்லநாட்டான்:

நிலா, இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. எழுதியதற்கு நன்றி. கரிசல்மகள் குடும்பத்துக்கு என் கருத்து இப்போதும் அதேதான், ஆனால் உங்கள் முருகைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் நன்றி. உரைகல் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏமாற்று இல்லை என்றதும் முகமே மாறிவிட்டது.

இதற்கிடையில் வேறொன்று நடந்திருக்கிறது. எங்கள் மாமா ஒருவர் மூலமாகப் பழம்பொருள் வாங்கும் ஒருவர் போன் செய்தார். பாம்படத்தை அப்படியே வாங்கிக்கொள்வதாகவும், வெளிநாட்டில் ஆள் இருப்பதாகவும், பொன் விலையைப் போல் மூன்று மடங்கு தருவதாகவும் சொன்னார். ரசீது எல்லாம் கிடையாதாம், ரொக்கம்தான். சின்னச் சித்திக்கு ஆசை. எனக்குப் பயமாக இருக்கிறது. இது ஆச்சியின் அம்மா போட்டிருந்து ஆச்சிக்குக் கொடுத்தது, ஆச்சி தவறும்போதே 88 வயது.

ஏடறிந்தவன்:

அம்மா, அந்த ஆளிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளோ கைவினைப் பொருளோ தொல்பொருளாகிவிடும். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கொள்ளுப்பாட்டி காலத்து நகை என்றால் நூறைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் உங்கள் ஊரில் விற்றாலும், அது கப்பலேறுகிறது என்று தெரிந்தே ரசீது இல்லாமல் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வீட்டில் வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொன்று செய்யுங்கள். நகையை அளவுகோல் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஊரில், யார் செய்தது, யாருக்கு எப்போது போட்டது என்று அம்மாவும் சித்திமாரும் சொல்வதை எழுதி வையுங்கள். ஆச்சி பாம்படம் போட்டிருக்கும் பழைய படம் இருந்தால் அதன் பின்னாலும் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். எத்தனையோ அருங்காட்சியகங்களில் இதே மாதிரிக் காதணிகள் "தென்னிந்தியா" என்ற ஒற்றைச் சொல்லோடு கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கின்றன. போட்டவர் பெயர் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். உங்கள் ஆச்சி விஷயத்தில் அது நடக்க வேண்டாம்.

சிட்டு:

ஒரு சந்தேகம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஹால்மார்க் இல்லாத பழைய நகையை இனி வைத்திருக்கவே கூடாது, விற்கவும் முடியாது என்று எங்கள் தெருவில் பேச்சு. அந்தப் பயத்திலேயே பலர் கொண்டுபோய்ப் போட்டு மாற்றுகிறார்கள். உண்மையா?

இன்னொன்று, பாம்படத்தின் ஒரு துண்டைக் கழற்றிச் சங்கிலியில் டாலராகப் போடலாமா? மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று வருமே.

உரைகல்:

சிட்டு, அது தவறான பேச்சு. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. இரண்டும் விற்கிற கடைக்காரருக்கான விதி. வீட்டில் இருக்கும் பழைய நகையை வைத்திருக்கலாம், கடையில் கொடுத்து விற்கலாம், மாற்றலாம். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துச் சோதிக்கலாம். 2023-ல் நாலு உருப்படி வரை 200 ரூபாய் வாங்கினார்கள், வரி தனி. ஆனால் கதிர் காட்டிப் பார்க்கும் மெஷின் மேல் தோலை மட்டும்தான் படிக்கும். உள்ளே அரக்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

கரிசல்மகள், உருக்கினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அரக்கு எரிந்து புகையாகப் போகும். பிறகு தகடும் பற்றாசும் ஒன்றாக உருகும். பற்று வைக்க, தகட்டைவிடச் சீக்கிரம் இளகும் மட்டமான கலவைதான் பயன்படும். பாம்படத்தில் மூலை அதிகம், ரவை அதிகம், அதனால் பற்றாசும் அதிகம். தகடு நல்ல பொன்னாகவே இருந்தாலும் உருகி வரும் கட்டி டச் இறங்கித்தான் வரும். அதில் மோதிரம் செய்தால் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கழித்துப் பாருங்கள். மூன்று மெல்லிய மோதிரத்துக்காக இந்த வேலைப்பாட்டை இழக்க வேண்டுமா?

பாம்படம் அருகிப் போனதில் காது தைத்தது ஒரு காரணம் என்றால், எங்கள் பட்டறைகள் மூடியது இன்னொரு காரணம். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். 14 காரட் பொன் விறைப்பானது, இந்தத் தகட்டு வேலைக்கு இழுத்த இழுப்புக்கு வராது. நாடு முழுக்க நகை செய்யும் பத்தர்கள் வேலை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. காரட் தடை சில வருடத்தில் தளர்ந்தது. ஆனால் 1968-ல் தனிச் சட்டமே வந்து 1990 வரை இருந்தது. அதற்குள் என் பெரியப்பா குடும்பம் மளிகைக் கடைக்கு மாறிவிட்டது. கை விட்டுப் போன வேலை திரும்ப வரவில்லை.

டாலர் யோசனையை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் உறுப்புகளைக் கழற்ற வேண்டுமானால் பற்றை அறுக்க வேண்டும், அரக்கு உதிரும், திரும்ப ஒட்ட முடியாது. அதற்குப் பதிலாக அதே வடிவத்தைப் பார்த்துச் சிறியதாகப் புதிதாகச் செய்து போடலாம். வெள்ளியில் செய்து முலாம் பூசினால் செலவும் குறைவு. நாகர்கோவில் வடசேரியில் கோவில் நகை செய்கிறவர்கள் வெள்ளியில் பொன் தகடு ஒட்டிச் செய்யும் வேலையில் கைதேர்ந்தவர்கள். அங்கே கேட்டுப் பாருங்கள்.

வடிகாது:

உரைகல் அண்ணன் சொன்ன யோசனையை என் மகள் ஏற்கெனவே செய்துவிட்டாள். ஆச்சி பாம்படத்தின் படத்தைக் காட்டி வெள்ளியில் சின்னக் கம்மல். காதை வடிக்காமல் போடுகிறாள். அலுவலகத்தில் எல்லோரும் என்ன டிசைன் என்று கேட்கிறார்களாம். ஆச்சி பெயரைச் சொல்லித்தான் பதில் சொல்கிறாள்.

கரிசல்மகள்:

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். இந்த இழை முழுவதையும் வாசித்தேன். முகவை நிலா எழுதியதைக் கேட்டு நடுச் சித்தி அழுதுவிட்டார்.

முடிவு இதுதான். உருக்கவில்லை, அந்த ஆளுக்கும் கொடுக்கவில்லை. இரண்டு பவுன் என்ற கடைக்காரர் மதிப்பையே வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்கான பணத்தை அம்மா இரண்டு தங்கைகளுக்கும் இந்த வருடத்துக்குள் கொடுத்துவிடுவார். சின்னச் சித்தி மகன் படிப்புக்கு அந்தப் பணம் உதவும். அவருக்கு அவசரத் தேவை இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரியும், வல்லநாட்டான் அண்ணன் சொன்னதில் பாதி எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாம்படம் அம்மாவிடம் இருக்கும், பிறகு எந்தப் பேத்தி கேட்கிறாளோ அவளிடம் போகும், விற்கக் கூடாது என்று மூன்று பேரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

செய்தவர் பெயரும் தெரிந்தது. நடுச் சித்திக்கு நினைவிருக்கிறது, எட்டயபுரத்து ஆசாரி ஒருவர் வீட்டுக்கே வந்து தங்கிச் செய்தாராம். எழுதி வைத்துவிட்டோம்.

உரைகல் அண்ணே, கடைசியாக ஒன்று. ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கிறது. கடையில் கொடுத்துப் பாலிஷ் போடலாமா? ஒரு உருண்டையின் ஓரத்தில் சின்ன விரிசலும் தெரிகிறது.

உரைகல்:

நல்ல முடிவு. பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். தகடு மெல்லியது, தேய்த்தால் ரவை தேய்ந்துவிடும். வெந்நீர், ஆசிட், அதிர்வில் கழுவும் மெஷின் எதுவும் வேண்டாம். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலாகத் துடையுங்கள். விரிசல் இருக்கும் உருண்டையில் ஈரமே படக் கூடாது. துடைத்ததும் நிழலில் உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், ஒரு காது இன்னொன்றோடு உரசாமல் தனித்தனியாக. பீரோ வெயில் படும் சுவரை ஒட்டி இருந்தால் வேறு இடத்தில் வையுங்கள்.

விரிசலுக்குத் தீ காட்டிப் பற்று வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். படத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அரக்கு தெரிகிறதா, தகடு மட்டும் பிளந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.